தலை அசையாத ஓம்

கல்லடியில், பாலத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு புகைப்படக்காரரின் படங்களை மட்டும் வைத்திருக்கும் சிறிய காட்சியகத்தில்தான் அவரைச் சந்தித்தேன். அங்கே காவலுக்கு இருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். எதைக் கேட்டாலும் ஆமோதித்து “ஓம்” என்பார்; தலை மட்டும் அசையாது. கழுத்தில் ஏதோ வருத்தமாக்கும் என்று நினைத்தேன்.

கடைசிச் சுவரில் இருந்த படத்தில் ஆட்களே இல்லை. ஒரு மைதானம், ஒரு வேப்பமரம். அவ்வளவுதான். ஆனால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. என் பதினாறு வயதில், ஒரு ராணுவச் சுற்றிவளைப்பின்போது, எங்களை வரிசையில் நிறுத்திய இடம் அது. சாக்கால் முகத்தை மூடிய, ஆள்காட்டிக் கொடுக்கும் தலையாட்டி ஒருவன் யாரைப் பார்த்துத் தலையசைத்தானோ, அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி வரவேயில்லை.

“இது எங்கட பள்ளிக்கூட மைதானம்தானே, அண்ணே?”

“ஓம்.”

“உங்களுக்கும் அந்த இடம் தெரியுமா?”

“ஓம் தம்பி. அந்த மரத்துக்குக் கீழதான் கதிரை போட்டிருந்தாங்க.”

தலையாட்டி உட்கார்ந்திருந்த அந்தக் கதிரையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சாக்கின் இரண்டு ஓட்டைகளில் தெரிந்த கண்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், முடியவில்லை. இவர் அந்தக் கதிரையில் இருந்தவரா, எங்களோடு வரிசையில் நின்றவரா? யாராக இருந்தாலும் கழுத்து அன்றைக்கே விறைத்துப் போயிருக்கும். கேட்கப் பயமாக இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது, “இன்னொருக்கா வருவீங்களா?” என்றார்.

“ஓம்” என்றேன்.

பாலத்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது: என் தலையும் அசைந்திருக்கவில்லை.