ஐந்தாவது சைக்கிள்

முப்பத்தைந்து மைல் சைக்கிள் ஓடிக் கிண்ணம் வாங்கியவள் நான் என்று சொன்னால் என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மாடி ஏறினாலே இடுப்பைப் பிடிக்கிற அம்மா சொன்னால் யார்தான் நம்புவார்கள்! காட்டுவதற்குக் கிண்ணமும் இல்லை. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அது எங்கே போனதோ தெரியாது. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். எனக்கென்று பெருமையடிக்க இருப்பது அந்த ஒரு நாள்தான். அதை யாருக்காகவும் குறைத்துச் சொல்வதாக இல்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மயிலிட்டியை விட்டு ஓடிவந்து, கோப்பாயில் ஒரு தோட்டக்காரரின் வெங்காயக் கொட்டிலோடு ஒட்டிய அறையில் நாங்கள் குடியிருந்த மூன்றாவது வருடம். மயிலிட்டியை இராணுவம் பிடித்து வைத்திருந்ததால் எங்கள் கடலுக்கு யாரும் போக முடியாது. அப்பாவின் வள்ளமும் அங்கேயே நின்றுவிட்டது. மீன் பிடித்த மனிதர் மீன் விற்கிறவர் ஆனார். விடியுமுன் சைக்கிளில் தொண்டைமானாற்றுக்குப் போவார். கரைக்கு வருகிற மீனை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, திரும்பி வந்து கோப்பாய் ஒழுங்கைகளில் கூவி விற்பார். மயிலிட்டியிலிருந்து நாங்கள் கொண்டுவந்த பெரிய பொருள் அந்தச் சைக்கிள் ஒன்றுதான். ஓடிவந்த அன்று தம்பியும் அரிசிச் சாக்கும் அதிலேதான் வந்தார்கள்.

யாழ்ப்பாணமே அந்நாளில் சைக்கிளில்தான் ஓடியது. பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை. சந்தியால் பஸ் ஒன்று போனால் அதைப் பற்றி மாலைவரை கதைப்பார்கள். அதனால்தான் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் தன் ஆண்டுவிழாவுக்குச் சைக்கிள் ஓட்டம் வைத்தபோது முழு ஊரும் எழும்பியது. கோப்பாயில் தொடங்கி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, நெல்லியடி என்று சுற்றி, வல்லை வெளியைக் கடந்து மறுபடி கோப்பாய். பெண்களுக்குத் தனிப் பிரிவு. ஓர் அணிக்கு ஐந்து பேர். விதி ஒன்றுதான்: ஐந்தாவது சைக்கிளின் பின்சில்லு முடிவுக் கோட்டைத் தாண்டும்போதுதான் அணியின் நேரம் எடுக்கப்படும். நாலு பேர் பறந்து வந்தாலும் ஐந்தாவது ஆள் வரும்வரை அவர்கள் வெயிலில் காய வேண்டியதுதான். வானத்தில் குண்டு போடுகிற விமானச் சத்தம் ஏதும் கேட்டால் எல்லோரும் மரத்தின் கீழ் ஒதுங்க வேண்டும், அந்த நேரம் சேர்க்கப்படாது என்று இன்னொரு விதியும் இருந்தது. அதை யாரும் விதியாக நினைக்கவில்லை.

எங்கள் ஊர் அணியில் ஐந்தாவதாக இருந்த பெண்ணுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டுவிட்டது. ஓட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, அணித்தலைவி வதனி அக்கா எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றார். அதுவரை அப்பாவை ‘மீன்கார அண்ணை’ என்று படலைக்கு வெளியே நிறுத்திக் கூப்பிட்டவர், அன்று மட்டும் ‘மாமா’ என்றார்.

“மாமா, உங்கடை பிள்ளை சைக்கிளிலை கடைக்குப் போறதைக் கண்டனான். நல்லா உழக்கிறாள். எங்களோடை விடுவியளே?”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. மூன்று வருடமாக அந்த ஊரில் நான் ‘மீன்காரன்ரை பெட்டை’. அந்த ஐந்து பேரில் ஒருத்தியாகிவிட்டால் எனக்கும் ஒரு பெயர் இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

“பின்னேரம் பழகட்டும். ஓட்டத்தண்டைக்கு நான் லீவு எடுக்கிறன்,” என்றார் அப்பா. “ஆனா பிள்ளை, சைக்கிள் மணக்கும். பரவாயில்லையோ?”

“அது கழுவினாப் போயிடும் மாமா,” என்றார் வதனி அக்கா.

போகவில்லை. மூன்று வருடத்து மீன்தண்ணீர் சீற்றுத் தோலுக்குள்ளும் கரியர் கம்பிக்குள்ளும் ஊறிக் கிடந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன். சவர்க்காரம் கிடைக்காத அந்தக் காலத்தில் அம்மா ஒளித்து வைத்திருந்த பாதிக் கட்டியைக் களவாக எடுத்துத் தேய்த்து, அதற்கு முதுகில் ஒரு அடியும் வாங்கினேன். கடைசியில் சாம்பிராணிப் புகை பிடித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள், கோயிலுக்குள் மீன் பொரித்தது போல மணந்தது.

அணியில் மற்ற நாலு பேரும் அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகள். வதனி அக்கா, என் வகுப்புச் சுகி, வாத்தியாருடைய இரட்டைப் பெண்கள். பின்னேரங்களில் நீர்வேலி வரை போய்த் திரும்புவோம். அவர்கள் கைகோத்து நடப்பது போல இரண்டிரண்டு பேராகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக் கதைத்துக்கொண்டு போவார்கள். நான் கடைசி. “நீ பின்னாலை வா, என்ன? காத்து முன்னாலையிருந்துதான் வருது,” என்று சுகி நயமாகச் சொன்னாள். அந்தப் பெரிய சைக்கிளில் சீற்றை இறக்கி, பாரில் சாக்குத் துண்டைச் சுற்றி, நுனிக்கால் எட்ட எட்ட நான் உழக்கினேன். ஒருநாளும் பின்தங்கவில்லை. தங்கினால் போட்டிக்கு முதல் வேறு ஆளைத் தேடுவார்கள் என்ற பயம் பெடலை மிதித்தது.

ஓட்டத்தன்று காலையில் எழும்பினால் அப்பாவின் பாய் வெறுமையாகக் கிடந்தது.

“அப்பா எங்கை?”

“ஒரு அலுவலாப் போனவர்,” என்றார் அம்மா, என் பின்னலை இறுக்கிக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்தது. லீவு எடுப்பதாகச் சொன்ன மனிதர், என்னை வழியனுப்பக்கூட நிற்காமல் அப்படி என்ன அலுவல்? சனசமூக நிலைய வாசலில் சுகியின் அப்பா அவளுடைய சில்லுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். வாத்தியார் இரண்டு மகள்மாருக்கும் திருநீறு பூசினார். என் பக்கத்தில் அம்மாவும், மூக்கு ஒழுகும் தம்பியும். விசில் ஊதியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தொண்டைமானாறு வரை நாங்கள் ஓடவில்லை, பறந்தோம். அது சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. “பாத்தியளே எங்கடை வேகத்தை!” என்று இரட்டையர் கத்தினார்கள். “இது நாங்களில்லை, சோளகம். திரும்பி வரேக்கை இது முகத்துக்கு அடிக்கும்,” என்றேன். வள்ளக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன தெரியாவிட்டாலும் காற்று தெரியும். அவர்கள் சிரித்துவிட்டு உழக்கினார்கள்.

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் சனம் நின்றது. அந்த இடத்தைக் கடந்ததற்கு அடையாளமாகத் தொண்டர்கள் எங்கள் சைக்கிள் காண்டிலில் சிவப்பு நூல் கட்டினார்கள். அங்கேதான் பார்த்தேன். சனத்துக்குப் பின்னால், சாரத்தை மடித்துக் கட்டியபடி அப்பா! முழங்கால் வரை புழுதி. காலடியில் மீன்பெட்டி.

“அப்பா!”

இரண்டு கையையும் தூக்கினார். “விடாதை பிள்ளை! விடாதை!”

என்னை வழியனுப்ப நிற்காததன் காரணம் இதுதானா? எனக்கு முன்னாலேயே வந்து நின்று என்னைப் பார்ப்பதற்கா? லீவு நாளிலும் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வரத் தெரியவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“உன்ரை அப்பாவோ?” என்று சுகி கேட்டாள்.

“ஓம். என்னைப் பாக்கவெண்டு வந்தவர்.”

மற்ற நாலு பேரின் அப்பாமாரும் கோப்பாய்ச் சந்தியைத் தாண்டவில்லை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பருத்தித்துறை வரைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

நெல்லியடி தாண்டி வல்லை வெளியில் இறங்கியதும் சோளகம் தன் கணக்கைக் கேட்டது. வீடில்லை, மரமில்லை, இரண்டு பக்கமும் வெட்டை. காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிந்தது. எழும்பி நின்று மிதித்தாலும் சைக்கிள் ஊர்ந்தது. இரட்டையரின் வாய் அடைத்துவிட்டது. சுகி அழத் தொடங்கினாள். தூரத்தில் எங்களுக்கு முன்னால் ஓர் அணி தெரிந்தது. ஐந்து பேரும் வீதி முழுக்கப் பரந்து, எங்களைப் போலவே தள்ளாடிக்கொண்டு போனார்கள்.

“என்னாலை ஏலாது. நீங்கள் போங்கோ,” என்றாள் சுகி.

“நீ வராட்டி நாங்கள் போய் என்ன செய்யிறது?” என்று வதனி அக்கா அவள்மீது சீறினார். அவருக்கும் அழுகை வந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்குப் பெரியப்பாவின் கரைவலை நினைவுக்கு வந்தது. மயிலிட்டியில் வலை இழுக்கும்போது கயிற்றில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். அலை வந்து அடிக்கிற முன் இடத்தில் ஒரே ஆளை விட்டுவைக்க மாட்டார்கள். இழுக்க இழுக்க ஆட்கள் கரைப்பக்கம் நகர, பின்முனைக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர்ப் பக்கம் பிடிப்பார். எல்லோருக்கும் முறை வரும். ஏலாதவரின் முறையைப் பக்கத்தில் நிற்பவர் எடுப்பார். அதற்கொரு தாளமும் உண்டு. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்பார்கள்.

“பக்கத்திலை பக்கத்திலை ஓடாதேங்கோ!” என்று கத்தினேன். “ஒராளுக்குப் பின்னாலை ஒராள் வாங்கோ. முன்னுக்குப் போறவ காத்தை வாங்கட்டும், மற்றவை ஒளிச்சு வாங்கோ. இருபது ஏலேலோவுக்கு ஒருக்கால் மாறுவம்.”

“என்னடி உது, மீன்பிடிகாரர் மாதிரி வெளியிலை நிண்டு பாடுறதோ?” என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

“ஆரடி இஞ்சை கேக்கிறதுக்கு?” என்றார் வதனி அக்கா. “கத்து!”

முதல் முறை வதனி அக்கா எடுத்தார். பிறகு இரட்டையர். வெட்கத்தோடு முனகிய ‘ஏலேலோ’ மூன்றாவது முறையில் வாய்விட்டே வந்தது. அடுத்தது நான். இரண்டு கிழமையாகக் கடைசியில் வந்த சைக்கிள் அப்போதுதான் முதன்முதலாக முன்னுக்கு வந்தது. சோளகம் மூன்று வருடத்து மீன் மணத்தை அப்படியே அள்ளிப் பின்னால் வந்த நாலு மூக்கிலும் போட்டது.

“ஐயோ, மணக்குதடி!”

“மணந்தாலும் காத்தை மறைக்கிறாளடி!” என்று வதனி அக்கா கத்தினார். “மூக்கை விட்டிட்டுக் காண்டிலைப் பிடி!”

சிரித்தோம். அந்த வெட்டையில், வாயெல்லாம் மண்ணாக, ஐந்து பேரும் சிரித்தோம். சுகியின் முறையையும் நானே எடுத்தேன். அவள் என் கரியரோடு ஒட்டிக்கொண்டு, மீன் மணத்துக்குள் முகத்தை வைத்தபடி வந்தாள். வல்லை வெளி முடிகிற இடத்தில் முன்னால் போன அணியை ஏலேலோ போட்டுக்கொண்டே தாண்டினோம். அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது.

கோப்பாயில் கோட்டைத் தாண்டியபோது ஐந்தாவது சில்லு என்னுடையதுதான். வேண்டுமென்றே சுகியை முன்னால் விட்டேன். விசில் என் பின்சில்லுக்காக ஊதியது. நாங்கள் முதலாவது. பெண்கள் பிரிவில் மொத்தம் நாலு அணிதான் என்பதை என் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. நிலையத் தலைவர் எங்களுக்குக் கிண்ணத்தையும், ஆளுக்கொரு புதுச் சைக்கிள் ரியூப்பையும் தந்தார். காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருள் அது. நான்தான் வழி சொன்னவள் என்று வதனி அக்கா மேடையில் என் பெயரைச் சொன்னார். என் பெயரை! முதல் கிழமை கிண்ணம் எங்கள் வீட்டில் என்றும் சொன்னார். அம்மா அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அப்பா வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வெறும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசல் குந்தில் இருந்தார். அவரை மூச்சு விடவும் விடாமல் வல்லை வெளியை முற்றத்தில் ஓடிக் காட்டினேன். புது ரியூப்பை அவருடைய கழுத்தில் மாலையாகப் போட்டேன். மீன் மணத்தைப் பற்றிச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டுச் சட்டியைக் கொண்டுவந்து வைக்க, இரண்டு காலையும் அதற்குள் விட்டுக் கண்ணை மூடினார்.

“வெயிலுக்கை நிண்டு கால் உளையுதோ அப்பா?” என்றேன், வெற்றி பெற்றவளின் கருணையோடு.

“ஓம் பிள்ளை. நிண்டதுதான்.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரைப் பார்த்தார். அம்மா சட்டிக்குள் இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டார்.

“என்னைப் பாக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தனீங்கள்?”

“வேறை ஆரைப் பாக்க?” என்றார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னேன். தொண்டைமானாற்றுக்குப் போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல். வழியில் எங்கே நிழல், எங்கே தார் பெயர்ந்து கல் குத்தும், எல்லாம் எனக்குப் பாடம். என் அப்பா என்னைப் பார்க்க அத்தனை தூரமும் வந்தவர் என்றும் சொன்னேன். எதில் வந்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு சைக்கிள். அதில் நான் போயிருந்தேன்.