சூப்பர்வைசர் இன்னும் எழுந்திருக்கவில்லை

கம்ப்யூட்டரை எழுப்புவது ஓர் உத்தியோகம் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். தினமும் காலையில் எழுப்புகிற எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்து அடித்துக் கை ஓய்ந்த பிறகு, அது 'புஸ்' என்று ஒரு கறுப்புப் புகையை விட்டுப் படுத்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. என் ஸ்டவ் ஓர் அறை அகலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, மெஷினை மட்டும் அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அதை நடத்தும் புரோகிராமை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று எஞ்சினியர் வெங்கிடேசன் சார் சொல்லிவிட்டார். பாலக்காட்டுக்காரர், சொன்னபடி எழுதியும் விட்டார். அதற்குப் பெயர் 'சூப்பர்வைசர்'. காலையில் வந்ததும் நான் முகப்புப் பலகையில் உள்ள ஸ்விட்சுகளை ஒரு முறைப்படி தட்ட வேண்டும். மெஷின் கொஞ்சம் கண் விழித்து, ஓட்டை போட்ட காகித நாடா ஒன்றைப் படிக்கும். படித்து முடித்தால் சூப்பர்வைசர் உள்ளே ஏறி உட்காருவார். பிறகுதான் மற்ற வேலை எல்லாம். ஏறினால்தானே!

அவர் ஏற நேரமானால் அன்றைய வேலை முடிய நேரமாகும். முடியாமல் நான் கிளம்பக் கூடாது. திலக் நகரில் என் பெண் மீனாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சாந்தாபாய், ஆஸ்பத்திரியில் ஆயா. சாயங்கால ஷிப்டுக்கு அவள் போயாக வேண்டும். என் வீட்டுக்காரரோ தாணேயிலிருந்து இருட்டின பிறகுதான் வருவார். சாந்தாபாய்க்கு மராத்தி தாய்மொழி. எங்களோடு பழகித் தமிழ் வந்துவிட்டது, மரியாதை மட்டும் வரவில்லை. "இன்னும் ஒரு தடவை லேட் ஆச்சுன்னா, நீ வேற ஆள் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். வேறு ஆள் கிடையாது. ஆள் இல்லையென்றால் வேலையும் கிடையாது. என் காலைகளை இதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

தலைகீழ் ஸ்விட்சு

மீனாவுக்கு ஜுரம் வந்து ஒரு நாள் நான் லீவு. எனக்குப் பதிலாக எங்கள் ஆபீசிலேயே இருக்கும் தாராவி செல்வராஜ். வெங்கிடேசன் சார் வீட்டிலிருந்து டெலிபோனில் சொல்லச் சொல்ல, இவர் தட்டியிருக்கிறார்: "முதல் ஸ்விட்சைப் போடு. அடுத்ததைப் போடாதே. அதுக்கு அடுத்ததைப் போடு." மெஷின் அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து. அப்போதும் அசையவில்லை. எஞ்சினியர் குளித்தும் குளிக்காமலும் ஓடி வந்து பார்த்தால், போட வேண்டியதெல்லாம் கீழே கிடக்கிறது, போடக்கூடாததெல்லாம் மேலே நிற்கிறது. அந்த மெஷினில் மேலே தள்ளினால்தான் 'போட்டது'. இதைச் சொல்ல வேண்டும் என்று சாருக்குத் தோன்றவே இல்லை.

செல்வராஜ் கோபித்துக்கொண்டார்: "எங்க வீட்டுல கீழ தட்டினாத்தான் சார் வெளக்கு எரியும். அமெரிக்காக்காரன் வீட்டுல எல்லாரும் தலகீழாத்தான் நிப்பானுவளோ?"

விழுந்தவர் யார்?

எங்கள் அறைக்கு மனித சூப்பர்வைசரும் ஒருவர் உண்டு. கணபதி சார், மாட்டுங்கா. ஒரு நாள் காலை அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது கோட்டைப் பகுதியில் இருக்கும் ஹெட் ஆபீசிலிருந்து போன். ஏன் இன்னும் ரிப்போர்ட் வரவில்லை என்று ஒரு புது அதிகாரி கேட்டார். நான் எரிச்சலில், எங்கள் அறையில் பேசுகிற மாதிரியே, "சூப்பர்வைசர் இன்னும் எழுந்திருக்கலை சார். பாதி ஏறினார், விழுந்துட்டார். மூணு தடவை தூக்கிப் பார்த்தோம்" என்றேன். அவர் பதறி, "வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். வீட்டில் சொல்ல என்ன இருக்கிறது என்று நானும் "இல்லை சார்" என்றேன்.

அவர் சொல்லிவிட்டார்! கொஞ்ச நேரத்தில் கணபதி சாரின் மனைவி டாக்ஸியில் வந்து இறங்கி, அழுதுகொண்டே உள்ளே ஓடி வந்தார். கணபதி சார் கையில் பிஸ்கட்டோடு திகைத்து நின்றார். மாமி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நன்னாத்தானே இருக்கேள்! இதுக்கா அடுப்பிலே ரசத்தை வெச்சுட்டு ஓடி வந்தேன்?"

சந்தனம்

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை போட்டு, பொரி கடலை வைத்து, கணபதி சார் தன் கையாலேயே எல்லா இடத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். விஜயதசமியன்று திறந்தால் மெஷினுக்குக் கண்ணே தெரியவில்லை. நாடாவின் ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்தால்தான் அது படிக்கும். வெங்கிடேசன் சார் மத்தியானம் வரை தன் புரோகிராமில் தப்புத் தேடினார். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், விளக்குக் கண்ணாடியின் நடுவில் வட்டமாக, அழகாக, காய்ந்துபோன சந்தனம்.

அன்று நான் ஓடிப் போனபோது சாந்தாபாய் மீனாவைச் செருப்போடு வாசலில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையை என் பக்கம் தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். கணபதி சார் மட்டும் மத்தியானமே சந்தனத்தைத் துடைத்திருந்தால்! தானே துடைக்கப் பயந்து வெங்கிடேசன் சார் ஈரத்துணியை நீட்டிக் கெஞ்சியபோது, கணபதி சார் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது இது: "அம்பாளுக்கு இட்டதை நான் தொடைக்க மாட்டேன். உம்ம புரோகிராமைச் சந்தனத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதும்."

குட் மார்

மறுநாளாவது ஒழுங்காக எழும் என்று நினைத்தேன். யாரோ பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்று வெங்கிடேசன் சார் சூப்பர்வைசருக்கு மரியாதை கற்றுக்கொடுத்திருந்தார். எழுந்ததும் 'குட் மார்னிங்' என்று டைப் அடிக்க வேண்டும். மெஷின் 'குட் மார்' என்று அடித்துவிட்டு அப்படியே செத்துப்போனது. திரும்ப எழுப்பினேன். 'குட் மார்.' மெஷினுக்குள்ளே நினைவு வைத்துக்கொள்ள இருந்த இடமே கொஞ்சம். வணக்கம் சொல்ல இடம் பிடித்ததில் வேலை செய்ய இடம் இல்லாமல் போயிருக்கிறது. "வணக்கத்தை எடுத்துடுங்க சார்" என்று கெஞ்சினேன். அவருக்கு மனசு வரவில்லை. எழுத்து எழுத்தாகக் குறைத்துப் பார்த்தார். பெரிய மனிதர் வந்து, 'குட்' என்பதைப் பார்த்து, ரொம்பச் சந்தோஷமாகப் போய்விட்டார். அன்றைய வேலை பிறகுதான் ஆரம்பமானது.

முடித்து வெளியே வந்தபோது தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். சாந்தாபாயின் ஷிப்ட் தொடங்கி எவ்வளவோ நேரம். நாளை முதல் மீனாவை யாரிடம் விடுவது, ராஜினாமாவை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே கேட்டைத் தாண்டினால், மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாந்தாபாயே நிற்கிறாள்.

"ஷிப்ட் போச்சா?" என்றேன்.

"நேத்தே நைட் ஷிப்ட் மாத்தி வாங்கிட்டேன். உன் மேலே எனக்குப் பரோசா, நம்பிக்கை இருக்கு, உன் மெஷின் மேலே இல்லே" என்று குழந்தையை என் தோளில் சாய்த்தாள். "அவன் எந்திரிக்க மாட்டேங்கறான், இவ தூங்க மாட்டேங்கறா. ரெண்டு பேரையும் நீயே பாத்துக்கோ, நான் போய் ஒரு மணி நேரம் படுக்கணும்."

மெஷின் எழுந்துவிடும் என்று நம்பிய எஞ்சினியரால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை. அது எழவே எழாது என்று நம்பிய சாந்தாபாயால்தான் இன்றும் அதை எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.