மஸாஹிரின் எயார் ரைபிள்

முல்லைத்தீவுப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக இருக்கிற அந்தச் சின்ன ஊரில் மஸாஹிரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிறகுதான் கதை வரும். வயது ஐம்பத்தாறு. மூன்று ஏக்கர் வயல், ஒரு துண்டுக் கச்சான் தோட்டம், ஒரு பெண்சாதி, ஒரு மகள், ஒரு எயார் ரைபிள். இவ்வளவும் போதாதென்று ஒரு வாய். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உடுத்த சாரத்தோடு புத்தளம் போனவர். இருபது வருஷம் கழித்து வந்து, காடாய்க் கிடந்த காணியைத் தன் கையாலேயே வெட்டித் துப்புரவாக்கினார். அந்த இருபது வருஷக் கோபத்தை, திரும்பி வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வஞ்சகமில்லாமல் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மனுசன் பொய் சொல்ல மாட்டார். அதைப் பெரிய குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்வதற்கு யாருக்காவது பயப்பட வேண்டும். மஸாஹிர் யாருக்குப் பயந்தார்?

எயார் ரைபிள் குரங்கு கலைக்க வாங்கியது. வாங்கும்போதே கிழடு. குண்டு பட்ட குரங்கு பட்ட இடத்தைச் சொறிந்துவிட்டு அடுத்த கச்சான் செடியைப் பிடுங்கிக் கடலையைத் தின்னும். ஆனால் மணிப்புறாவுக்கு அந்த ரைபிள் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. குழலை மடக்கி, ஒரு சின்ன ஈயக்குண்டைச் செருகி, செட்டையைப் பார்த்துச் சுட்டால் புறா இறக்கை முறிந்து கீழே விழும், சாகாது. மஸாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிடுவார். குண்டு பட்டே செத்துப்போனால் அது ஹறாம், தின்னக் கூடாது. பிறகு அறுத்தாலும் ஒன்றுதான், அறுக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே அந்த ரைபிளின் பலவீனம்தான் அந்த வீட்டுக் கறியை ஹலாலாக்கியது. பத்து வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அந்த வீட்டுக்குள் நெருப்பு வைத்தது ஒரு தண்ணீர்ப் பம்ப். பெண்சாதி ஜெமீலாவின் தம்பி அஹ்ஸன் அதை இரவலாகக் கொண்டுபோய், என்ஜின் இறுகிப்போன பிறகு திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். "நான் கொண்டு போகேக்கையே அது இழுத்துக்கொண்டுதான் கிடந்தது மச்சான்" என்றும் சொன்னான். வேறு ஆளாக இருந்தால் வீட்டுக்குள் வைத்து நாலு வார்த்தை பேசியிருப்பார். மஸாஹிர் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தார். ஜும்ஆ முடிந்து சனம் எல்லாம் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம், பள்ளி வாசலில் நின்று, "களவெடுக்கிறவன் முன் வரிசையில நிண்டு தொழுதா அல்லாஹ்வுக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியாடா?" என்று கத்தினார். அஹ்ஸன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

செய்தி ஜெமீலாவின் காதுக்கு வர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அவள் உலை வைத்த பானையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உம்மா வாப்பா இல்லாம நான் தூக்கி வளத்த பிள்ளை அவன். அவனை நாலு பேருக்கு முன்னால கள்ளனாக்கிப்போட்டார். இனி இந்த ஆளின்ர கையால ஒரு சொட்டுத் தண்ணியும் என்ர தொண்டைக்குள்ள போகாது."

ஜெமீலா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு மகள் முஃப்லிஹா வழியாக நடந்தது. "உப்பு முடிஞ்சுதாம் எண்டு வாப்பாட்டச் சொல்லு." "கடை பூட்டெண்டு உன்ர உம்மாட்டச் சொல்லு." இரண்டு பேரும் ஒரே குசினிக்குள், அடுப்புக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான் சொல்வார்கள். இருபது வயதுப் பிள்ளை, பாவம், இரண்டு மலைக்கு நடுவில் தபால்காரி.

பிறகு ஜெமீலாவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். மஸாஹிர் கட்டிலடியில் இளநீரோடு நின்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அஹ்ஸன் வந்து அதே இளநீரைக் கையில் எடுத்தபிறகுதான் வாயைத் திறந்தாள். மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் என்றால் என்னவென்று மஸாஹிருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். ஒரு திங்கட்கிழமை பின்னேரம் முஃப்லிஹாவிடம், "ஒரு மணிப்புறா சூப் குடிச்சா நாக்குக்கு உறைக்கும் போல கிடக்கு" என்றாள். வாசலில் நின்ற அஹ்ஸன், "நான் கண்ணி வைக்கிறன் லாத்தா, புதன்கிழமைக்குள்ள பிடிச்சுத் தாறன்" என்றான். உள்ளே இருந்து ஜெமீலா என்ன சொன்னாள் தெரியுமா?

"நீ ஏன் மினக்கெடுறாய்? இந்த வீட்டில ரைபிள் வைச்சிருக்கிற ஆம்பிளை இல்லையோ?"

இரண்டு மாதத்தில் அவள் மஸாஹிரைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். குத்தலாகத்தான் சொன்னாள், அதற்கென்ன? கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருக்கிறது. தன் கையால் ஒரு கோப்பை சூப் குடிப்பாள் என்றால், மனுசன் அந்த வன்னிக் காட்டையே கிளறியிருப்பார். ஆனால் நாளை ஒரு நாள்தான். அதற்கு அடுத்த நாள் அஹ்ஸனின் கண்ணியில் புறா விழுந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை விடிய ரைபிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னராசாவின் உழுந்துக் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். மரத்தில் இரண்டு புறா. மஸாஹிர் குழலை மடக்கினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். குழல் செத்த பாம்பு மாதிரித் தொங்கியது. ஸ்பிரிங் முறிந்துவிட்டது.

"ஒரு கண்ணியை வையுமன், மஸாஹிர்" என்றார் சின்னராசா வேலிக்கு மேலால்.

"கண்ணி வைக்கிறது கள்ளன்ர வேலை. உம்மட்ட யோசினை கேட்டனானோ?"

ஏழு மணி பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்குப் போனார். சந்தைக்குப் பக்கத்தில் கிருபன் என்று ஒரு பொடியன், சைக்கிள், தையல் மெஷின், கிருமிநாசினி அடிக்கிற டாங்கி, எதைக் கொடுத்தாலும் கழற்றுவான். ரைபிளைக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாசரைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மஸாஹிர் நானா, இது பழஞ்செருப்பு மாதிரிக் கிடக்கு. இதால காத்தெல்லாம் போயிருக்குமே."

"பழையபடி வேலை செய்தாக் காணும். மிச்சக் கதை வேண்டாம்."

கிருபன் நல்ல வேலைக்காரன். அதுதான் வந்த வினை. புது ஸ்பிரிங், புது வாசர், எண்ணெய் எல்லாம் போட்டுப் பூட்டி, கடைக்குப் பின்னால் கிடந்த தகரத்தில் ஒரு வெடி வைத்தான். தகரத்தைத் துளைத்துக்கொண்டு குண்டு போய்விட்டது. "இனி உங்கட குரங்கு புத்தளம் போய்த்தான் நிக்கும்" என்றான். புத்தளத்தை எதற்கு இழுத்தாய் என்று மஸாஹிர் அங்கேயும் ஒரு சண்டை பிடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பின்னேரம் மூன்று மணி. முதல் புறாவுக்குச் செட்டையைப் பார்த்துச் சுட்டார். குண்டு ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது. ஓடிப்போய்த் தூக்கினால் கழுத்துத் துவண்டு கிடக்கிறது. "சீ!" என்று வீசினார். சின்னராசாவின் நாய் கவ்விக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படித்தான். சரி, தூர நின்று சுட்டால் வேகம் குறையும் என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். புது ஸ்பிரிங் உதைத்த உதையில் குறி பார்க்கிற தகடு கழன்று விழுந்தது. வேலிக் கம்பியில் ஒரு துண்டு முறித்துக் கட்டினார். தகடு ஒரு பக்கம் பார்க்க, குண்டு இன்னொரு பக்கம் போனது. ஐந்து வெடி, ஐந்தும் வீண். ரைபிளை, கிருபனை, அவனைப் பெற்றவர்களை, பம்பை, அஹ்ஸனை, டெங்கு நுளம்பை எல்லாரையும் வரிசையாக ஏசினார். ஏசி முடிய வெயிலும் சாய்ந்துவிட்டது.

கடைசியாகப் பாலை மரத்தில் ஒரு புறா வந்து இருந்தது. கொஞ்சம் கிட்டப் போய், மூச்சைப் பிடித்துச் சுட்டார். விழுந்தது. கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். கிப்லாத் திசைக்குத் திருப்பி, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று அறுத்தார்.

இரத்தம் பாயவில்லை. கறுப்பாக இரண்டு துளி வடிந்தது.

கண் சிமிட்டியது என்று தனக்குத் தானே சொன்னார். அறுக்கும்போது கால் ஒரு தரம் இழுத்தது, இழுத்ததுதானே?

"விழேக்கையே அது முடிஞ்சுது மஸாஹிர்" என்றார் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னராசா. "கல்லு விழுந்த மாதிரி விழுந்தது. நான் கண்டனான். எங்களுக்கெண்டாப் பரவாயில்லை, உங்களுக்கு..."

"உம்மட உழுந்தப் பாரும்! அடுத்தவன்ர சட்டிக்குள்ள எட்டிப் பாக்கிற பழக்கத்தை விடும்!"

"சொன்னது என்ர பிழை" என்று சின்னராசா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் போன பிறகும் மஸாஹிர் நெடுநேரம் அந்தப் புறாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மரத்தில் வேறொன்றும் வரவில்லை.

வீட்டில் தானே இறகு பிடுங்கினார், தானே கழுவினார். மிளகு, சீரகம், மல்லி, உள்ளி தட்டிப் போட்டு அடுப்பில் வைத்தார். முஃப்லிஹா உதவிக்கு வர, "போடி அங்கால" என்று துரத்தினார். வாசம் வீடெல்லாம் போனது. உள்ளே இருந்து ஜெமீலாவின் குரல் கேட்டது.

"முஃப்லிஹா, நீ கொண்டு வர வேண்டாம். அவரையே கொண்டு வரச் சொல்லு."

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். ஜெமீலா சுவரில் சாய்ந்து எழுந்து இருந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அறுக்கேக்க உயிர் இருந்ததோ?"

"ஓம்."

அவள் தலையை ஆட்டினாள். கோப்பையை வாங்கினாள்.

"ஊரில ஒருத்தரும் உங்களை நல்லவன் எண்டு சொல்லாயினம். எனக்கும் உங்களில ஆத்திரம் தீரேல்ல. ஆனா பொய் சொல்லாத மனுசன் எண்டு ஒரு நம்பிக்கை. அதாலதான் கேட்டனான்."

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

மஸாஹிர் கையை ஓங்கி அடித்தார். கோப்பை சுவரில் போய் மோதியது. சுடுசூப் பாயிலும், அவள் கையிலும், சட்டையிலும் சிதறியது. ஜெமீலா "அல்லாஹ்!" என்று கத்தினாள். முஃப்லிஹா ஓடிவந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன்ர தம்பி நாளைக்குக் கொண்டு வருவான், அதைத் தின்!" என்று கத்தினார் மஸாஹிர். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய்க்குள் அது ஒன்றுதான் இருந்தது. "என்ர கையால உனக்கென்ன சூப்பு!"

"நோயாளிக்குக் குடுத்ததைத் தட்டி விடுற மனுசன்" என்றாள் ஜெமீலா. குரல் உயரவேயில்லை. "நான் ஒரு விசரி, திரும்ப நம்பினன். முஃப்லிஹா, நான் செத்து மௌத்தானாலும் இந்த ஆள் என்ர முகம் பாக்கப்படாது. அஹ்ஸன் மாமாட்டச் சொல்லி வை."

மஸாஹிர் குசினிக்குப் போனார். அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வாழையடிக்குப் போய்க் கொட்டி, மண்வெட்டியால் மண்ணை இழுத்து மூடினார். நாய் மோந்துகொண்டு வந்தது, காலால் கலைத்தார். பின்னால் முஃப்லிஹா வந்து நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஏன் வாப்பா அப்பிடிச் செய்தனீங்கள்? இவ்வளவு நாளைக்குப் பிறகு உங்கட கையால வாங்கினவாவே!"

மஸாஹிர் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தார். செத்ததை அறுத்தேன் என்று சொல்லலாம். சொன்னால், 'ஓம்' என்று பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

முஃப்லிஹா நம்பினாள். உள்ளே போய்த் தாயிடமும் அப்படியே சொன்னாள்.