மூன்று முறை கூப்பிட்ட பிறகு

‘கதவை மூடுமுன் மூன்று முறை குரல் கொடுக்கவும். பதில் வராவிட்டால் உள்ளே எவரும் இல்லை எனக் கொண்டு மூடவும்.’

வெளிநாட்டில் நாங்கள் வேலை செய்த குளிர்க்கிடங்கின் அந்தப் புதிய விதியைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதியவன் நான். அவர்கள் மொழியில் ஆறு வரிக்கு இழுத்ததை இரண்டே வரியில் அடக்கிவிட்டேன் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த இரண்டு வரிதான் கதவக்காவின் வேலைக்கு உலை வைத்தது.

வீட்டில் வைத்த பெயர் வேறு. கிடங்கில் வேலை செய்த நம் ஆட்கள் முப்பது பேருக்கும் அவர் கதவக்காதான். ஐம்பத்து நான்கு வயது. சாயம் போன கம்பளித் தொப்பி, எப்போதும் சிவந்திருக்கும் மூக்கு நுனி. பட்டாணியும் சோளமும் மீனும் மைனஸ் இருபதில் உறைந்து கிடக்கும் பெரிய அறைக்குப் பதினோரு வருடமாக அவர்தான் காவல். மாலை ஐந்தரைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டு வெளியேறிய பிறகும் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். பதினான்கு வரிசை இரும்பு அடுக்குகள். ஒவ்வொன்றாக நடந்து, பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்து, கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார். பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை எங்களை ஏற்றிப்போகும் வேன் வாசலில் நிற்கும்.

வேனில் இருப்பவர்கள் வாயைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்?

“என்னக்கா, உள்ள யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?”

“ஆமாண்டா, உன் மாமியாரை. வேணும்னா சொல்லு, திறந்து விடுறேன்.”

சிரிப்பார், சிரிக்கவைப்பார். ஆனால் ஒருநாளும் அந்த நடையைக் குறைத்ததில்லை. தன்னைவிடச் சின்னவர்களைத் தம்பி என்று அழைக்கும் வயதுதான். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஆண்களை ‘டா’ போடுவார். இரண்டு மொழி படித்தவன் என்பதால் என்னை மட்டும் ‘வாத்தியாரே’ என்பார்.

தான் உள்ளே இருக்கும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் அறையின் வெப்பம் ஏறும். ஏறிய கணக்கு தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். புதிய விதி வந்ததே அதற்காகத்தான். கதவக்கா அதைப் படித்தார், தலையாட்டினார், பன்னிரண்டு நிமிடம் நடந்தார். மூன்றாவது வாரம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். விதிப்படி நடப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கதவு வேறொருவருக்குப் போகும். இவர் லேபிள் ஒட்டும் பிரிவுக்கு.

மேலாளர் கெட்டவர் அல்ல. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

“உள்ள இருந்தே திறக்கிற பொத்தான் இருக்கே, அப்புறம் என்ன பயம்னு கேக்குறார்.”

“மயங்கி விழுந்தவன் பொத்தானை எப்படி அமுக்குவான்னு கேளுங்க.”

கேட்டேன். அதற்காகத்தான் மூன்று முறை கூப்பிடச் சொல்கிறோம் என்றார் அவர். அதை நான் சொன்னதும் கதவக்காவின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

“வாத்தியாரே, நான் சொல்றதை அப்படியே சொல்லணும். எனக்கு ஒம்பது வயசு. தம்பிக்கு ஆறு. வீட்டுக்குள்ள கண்ணாமூச்சி ஆடுனோம். அவன் ஒளிஞ்சான், நான் தேடினேன், கிடைக்கல. அலுத்துப்போச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலில்ல. வரலைன்னா இனிமே உன்கூட ஆட மாட்டேன்னேன். அதுக்கும் பதிலில்ல. அப்பத்தான் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. மூணாவது தடவையா, அம்மா கூப்பிடுறாங்கடா, ஆட்டம் முடிஞ்சுது, வாடான்னேன். சத்தமே இல்ல. வெளிய ஓடிட்டான் போலன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுல இருக்கான்னு அம்மாகிட்ட சொல்லிட்டு நான் சாப்பிட உக்காந்துட்டேன்.”

மேலாளரின் கண் கடிகாரத்துக்குப் போய் வந்தது. என் வேலை அனுமதியின் புதுப்பிப்பு அந்த மாதம் அவர் மேசையில்தான் இருந்தது.

“இன்னும் இருக்கு,” என்றார் கதவக்கா.

“போதும்க்கா. அவருக்கு நேரமாகுது.”

மேலாளரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: சிறுவயதிலிருந்தே இவருக்கு மூடிய இடங்கள் என்றால் பயம். சிரமத்துக்கு வருந்துகிறார்.

இவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்று மேலாளர் புருவத்தைத் தூக்கினார். கதவக்காவும் என்னையே பார்த்தார்.

“ரெண்டே வரியில முடிச்சிட்டீங்களே.”

“அவங்க பாஷையில சுருக்கமாத்தான் வரும்க்கா.”

அவர் விதிப்படி நடப்பேன் என்ற தாளை ஒதுக்கிவிட்டு லேபிள் பிரிவுக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். மீதி என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொன்னார், டப்பாவின் மூடியைத் திறக்காமல்.

“போர்வை வைக்கிற மரப்பெட்டி. மூடினா தாழ் தானா விழுந்துடும். சாயங்காலம் அப்பா வந்துதான் திறந்தார். அதுக்குப் பக்கத்துல நின்னுதான் மூணு தடவையும் கூப்பிட்டிருக்கேன்.” டப்பாவின் மூடியை இன்னும் அழுத்தி மூடினார். “ரெண்டு கையும் வாயைப் பொத்தினபடி இருந்துச்சு. சிரிச்சுடுவான்ல, அதுக்கு.”

“நீங்க சின்னப் பிள்ளைக்கா.”

“முந்தின நாளும் அம்மா கூப்பிடுறாங்கன்னுதான் கூப்பிட்டேன். அன்னைக்கு அது பொய். நம்பி வெளிய வந்தான், பிடிச்சுட்டேன். அழுதான். இனிமே நீ எப்படிக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்னான்.”

பதில் இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்று எழுதிய கை என்னுடையது. அன்று முழுக்க அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று மாதமாக என் போனை எடுக்காத அண்ணனின் நினைவு வந்தது. கோபம் தணிந்தால் பேசட்டும் என்று விட்டிருந்தேன். அண்ணன் வீட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தவர், “நல்லாத்தான் இருக்கார். உங்களைத்தான் அரைமணி நேரம் திட்டினார்,” என்றார். கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலாளரிடம் போக மட்டும் துணிச்சல் வரவில்லை. வியாழக்கிழமை ஐந்தரைக்குக் குளிர் அறைப் பக்கம் போனேன். கதவு இப்போது ஒரு முன்னாள் வேன் ஓட்டுநரின் பொறுப்பு. அவர் முதுகைக் காட்டியபடி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஸ்வெட்டரோடு உள்ளே போனேன். ஒரே ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டால் மனது அடங்கும் என்று நினைத்தேன்.

வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தேன். பெட்டிகள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை குனியும்போதும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதாகவே தோன்றியது. பதினான்காவது வரிசையில் கூரையிலிருந்து குளிர்காற்றை ஊதும் இயந்திரம் தலைக்கு மேலேயே இரைந்தது. சுவரைத் தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது அறையின் மறுகோடியில் வெளிச்சம் குறுகிக்கொண்டிருந்தது.

ஓடினேன். கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. இன்னும் ஒரு கை அகலம் இருக்கும்போது கதவிடுக்கில் தோளைக் கொடுத்தேன்.

ஓட்டுநரின் முகம் வெளுத்திருந்தது. “மூணு தடவை கூப்பிட்டேன் சார். சத்தியமா கூப்பிட்டேன். நீங்க பதிலே குடுக்கல.”

லேபிள் பிரிவில் கதவக்கா தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். உள்ளே எதுவுமே கேட்கவில்லை என்றேன்.

“எப்படிக் கேக்கும்? அந்த மெஷின் சத்தத்தைத்தான் அன்னைக்குக் கடைசியா சொல்ல வந்தேன். நீங்க போதும்னுட்டீங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இப்ப வாங்கக்கா. ஒண்ணு விடாம சொல்றேன்.”

“அனுமதிக் காகிதம் என்னாகும் வாத்தியாரே?”

“தெரியலக்கா.”

மேலாளர் பையை மூடிக்கொண்டு கிளம்பும் நேரம். மூன்று நாள் முன்பு நான் பாதியை மறைத்தேன் என்பதை முதலில் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார். கதவக்கா ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார்; நான் சொல்வேன். மொழிபெயர்ப்பவன் பேசுபவராகவே பேச வேண்டும் என்பது விதி. எனக்கு ஒன்பது வயது என்றேன். நான்தான் தேடினேன் என்றேன். என் தம்பியை மூன்று முறை கூப்பிட்டேன் என்று சொல்லும்போது, தம்பி என்ற இடத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கதவக்கா காத்திருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு மேலாளர் எழுந்தார். ஆணியில் தொங்கிய கனத்த கோட்டுகளில் ஒன்றைக் கதவக்காவிடம் நீட்டினார். இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டார். அறையைக் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

கதவக்கா முன்னால் போனார். இருவரும் திரும்பி வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள் என்னை.