செவ்வரத்தை பூத்தால் கலியாணம்

என் மச்சாள் பியற்றிஸ் முப்பத்தொன்பது வயதுக்குள் நாலு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள். ஒருவர் சிரிக்கவே மாட்டார் என்றாள். இன்னொருவர் ரிவியில் ஸ்நூக்கர் மேசைப் பந்தாட்டம் பார்க்கிற பெண்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். மற்ற இருவருக்கும் காரணம்கூடச் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் கிறிஸ்துநாயகம்தான் என் கணவர். தங்கச்சிக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். லண்டன் எட்மண்டனில் ஒரே வீட்டில் ஏழு வருடம் அவளோடு குப்பை கொட்டியவள் எமில்டாவாகிய நான். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

பியற்றிஸுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை. காலை ஐந்தரைக்குப் போனால் மூன்றரைக்கு வருவாள். வந்ததும் அண்ணனுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்தோட்டத்துக்குள் இறங்கிவிடுவாள். அவள் செபமாலை சொல்கிற வேகத்துக்கு மாதாவுக்கே மூச்சு வாங்கும். எல்லாம் ரிவியில் ஸ்நூக்கர் தொடங்க முன்னம் முடிக்கத்தான். சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

செம்பருத்தி என்கிறார்களே, அந்தச் செவ்வரத்தை 1986இல் கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் சூட்கேசில், ஈரத்துணி சுற்றிய தடியாக வந்து சேர்ந்தது. அவள் அதைச் சாடியில் ஊன்றினாள். வைகாசியில் வெளியே போகும், புரட்டாதியில் உள்ளே வரும். குளிர்காலம் முழுக்க என் இருப்பறை யன்னலை அடைத்துக்கொண்டு, இலைகளை என் கம்பளத்தில் உதிர்த்துக்கொண்டு நிற்கும். மொட்டு என்ற பேச்சே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1988 தை மாதம் ஐந்தாவது மாப்பிள்ளை வந்தார். செபமாலைமுத்து, மன்னார்க்காரர், நாற்பத்தேழு வயது, பஸ் சாரதி. முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும் என்பதால் நாங்கள் முத்தண்ணை என்போம். மாதா கோயில் பங்குச் சுவாமியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சுவாமியின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பியற்றிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். யன்னலில் நாலு இலையோடு நின்ற தடி கண்ணில் பட்டது.

"சுவாமி, உந்தச் செவ்வரத்தை எங்கட தோட்டத்தில, வெளியில நிண்டு பூக்கட்டும். பூக்கிற அண்டைக்கு நான் ஓம் எண்டுறன்."

சுவாமி சிரித்துவிட்டார். நான் கையிலிருந்த தட்டைக் கீழே போடப் பார்த்தேன். முத்தண்ணை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"சரி, பூக்க வைப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி ஏது? காலை ஷிப்ட் உள்ள நாள்களில் பின்னேரம் நாலு மணிக்கு மனிதர் வாசலில் நிற்பார். மீன் கழுவிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து ஊற்றுவார். வைகாசியில் சாடி வெளியே போனதும் தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் என் தோட்டத்தில் குடியேறின. ஊற்றி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு ஸ்நூக்கர் பார்க்க இருப்பார். எந்த நிறப் பந்துக்கு எத்தனை புள்ளி என்று ஒரு கிழமையில் பாடமாக்கிவிட்டார். "நீலத்துக்கு அஞ்சு" என்று அவர் சொன்னால் இவளுக்குச் சிரிப்பு. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருடக் கோடை மழையில் போயிற்று. இரண்டு மொட்டு வந்தது, இரண்டும் விழுந்தது. "பாத்தியளா, நான் சொன்னனான்" என்று பியற்றிஸ் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

அடுத்த வருடம் நல்ல வெயில். ஆனியில் பதினொரு மொட்டு! முத்தண்ணை எண்ணினார், என் கணவர் எண்ணினார், நான் எண்ணினேன். வீடே தலைகால் புரியாமல் திரிந்தது. பிறகு மொட்டுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழத் தொடங்கின. ஆடி நடுவில் மூன்றுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, லண்டனின் மறுபக்கம் பார்க்கிங் என்ற இடத்தில் இருந்த முத்தண்ணையின் தமக்கை பிலோமினம்மா எனக்குப் போன் எடுத்தா.

"பிள்ளை, ஒரு பூமரத்துக்காக என்ர தம்பி கிழவனாகேலாது. வேற இடம் ஒண்டு வந்திருக்கு. ஆவணி முடியுமட்டும் பாப்பன், அதுக்குப் பிறகு பேசி முடிச்சுப்போடுவன்."

பியற்றிஸிடம் சொன்னேன். "அவற்ற விருப்பம்" என்றாள். கையில் இருந்த கோப்பையை இரண்டு தரம் கழுவினாள்.

மறுநாள் துணி காயப்போடும்போது வேலிக்கு அப்பால் நின்ற பீற்றர் கூப்பிட்டார். ரோசாச் செடிகளோடு காலம் கழிக்கிற வெள்ளைக்காரக் கிழவர். உங்கள் சாடி என்னைவிடக் கூட நடக்கிறதே என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விவரமாகச் சொன்னார். விடியற்காலையில் அந்தப் பெண் வந்து சாடியைக் குசினிச் சுவரோடு இழுத்து வைக்கிறாள். பின்னேரம் அந்த மனிதர் வந்து வெயில் விழுகிற மூலைக்கு இழுக்கிறார். இந்தச் சாதிச் செடியை அடிக்கடி அசைத்தால் மொட்டைப் போட்டுவிடும், பேசாமல் விடுங்கள் என்றார்.

தோட்டத்துக் கல் தளத்தைக் குனிந்து பார்த்தேன். சுவரோரம் ஒரு வட்டக் கறை, மூலையில் ஒரு வட்டக் கறை, நடுவில் இழுத்த கோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பின்னேரம் இரண்டு பேரையும் அந்தக் கறைகளுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"முத்தண்ணை, நீங்கள் இழுக்கிறது சரி. நீ ஏனடி இழுக்கிறாய்? பூக்கக்கூடாது எண்டெல்லோ நிபந்தனை வைச்சனீ?"

பியற்றிஸ் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுவரடியில சூடு கூடுதல் மச்சாள்" என்றாள் கடைசியில், மெதுவாக.

முத்தண்ணையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காதுவரை சிவந்துவிட்டார். நான் மண்வெட்டியை எடுத்து, கல் தளத்துக்குப் பக்கத்து மண்ணில் குழி தோண்டிச் சாடியை விளிம்புவரை புதைத்தேன். இனித் தொட்டால் கை முறியும் என்றேன்.

இன்னும் இரண்டு மொட்டு விழுந்தது. மிஞ்சிய ஒன்று ஆவணி பதினெட்டாம் திகதி காலை, பியற்றிஸ் வேலைக்குப் போன பிறகு விரிந்தது. உள்ளங்கை அகலம், குங்குமச் சிவப்பு. அவள்தான் முதலில் அவரிடம் சொல்லவேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றரை மணிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. வந்தாள், பார்த்தாள். தெரு அதிரக் கத்தினாள். போன் எடுத்தால் அவர் பின்னேர ஷிப்டுக்குப் போய்விட்டார். இரவு பத்துக்குத்தான் முடியும். பூவின் ஓரம் அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது.

படக்கென்று பூவைக் கிள்ளினாள். "ஐயோ!" என்றேன் நான். அவள் பூட்ஸோடு தெருவில் ஓடுகிறாள், நான் வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடுகிறேன். தெருமுனையில் அவர் ஓட்டுகிற வழி பஸ் நிற்கும் தரிப்பில் இரண்டு பஸ் வந்து போனது. மூன்றாவதில் முத்தண்ணை. கதவு திறந்ததும் ஏறி உள்ளங்கையை நீட்டினாள்.

"ஏன் புடுங்கினீர்?" என்று மனிதர் பதறினார். "மரத்தில நிக்கேக்கையெல்லோ நான் பாக்கவேணும்!"

"இது ஒருநாள் பூ. நீங்கள் வாறவரைக்கும் நிக்காது. நானும் இனி நிக்கமாட்டன். ஓம்."

அவர் அவளையே பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ரிக்கற்றை அடித்து அவள் கையில் கொடுத்தார். பஸ் ஏன் போகவில்லை என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் விஷயத்தைச் சொன்னேன். முழு பஸ்ஸும் கைதட்டியது. அவள் கடைசித் தரிப்புவரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

ஐப்பசியில் கலியாணம். அடுத்த கிழமை இரண்டு பேரும் செவ்வரத்தையைக் கொண்டுபோக வந்தார்கள். அது அப்போது என் இருப்பறை யன்னலை அடைத்துக்கொண்டு, கம்பளத்தில் இலை கொட்டிக்கொண்டு நின்றது. மூன்று வருடமாக அதைத் திட்டியவள் நான். நான் போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"ஏலாது. அசைச்சால் மொட்டு விழும்" என்றேன்.

"அதில மொட்டே இல்லையே, மச்சாள்" என்றாள் பியற்றிஸ்.

"வரும்" என்றேன். "நீ ஒவ்வொரு நாளும் வேலை முடிய வந்து பாத்திட்டுப் போ."