அமுக்கிப் பதிந்த அழைப்பு

டிப்ளமோ முடித்த கையோடு, உத்திரமேரூர் பஜார் தெருவில் ஒரு மாடியில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த சமயம்.

ஓர் ஆடி மாதம் காவாந்தண்டலம் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். அவர்கள் குடியிருப்பில் அம்மனை அழைக்கும் பாட்டை, கையில் காப்பு கட்டிய பெண்தான் பாட வேண்டும். காப்பு ஆண்டுக்கு ஒரு வீடாக முறை சுற்றும். அந்த ஆண்டு அவர் முறை. அடுத்து வர இருபது வருடமாகும் என்றார். மறுநாள் காப்பு அவிழ்ப்பதற்குள் தன் அழைப்பைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

குரல் சட்டென்று ஏறினால் பதிவு கிழிந்து கரகரக்கும். தடுக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, கம்ப்ரஸர் பெட்டி. ஏறும் குரலைக் கம்ப்யூட்டருக்குப் போகும் முன்பே அமுக்கிவிடும். மற்றது, மைக்கின் அளவைக் குறைத்து உள்ளபடியே பதிந்துகொண்டு, பிறகு சாஃப்ட்வேரில் வேண்டிய மட்டும் அமுக்குவது. எதற்கும் பட்டியல் போடுவது என் வழக்கம். பெட்டிக்குச் சாதகமாக மூன்று வரி எழுதினேன்: கம்ப்யூட்டர் திணறாது, பதிவு கிழியாது, பிறகு வேலையில்லை. எதிராக ஒரே வரி: அமுக்கியதை மீட்க முடியாது. மூன்று பெரிதாகத் தெரிந்தது.

எவ்வளவு ஏறினால் அமுக்க வேண்டும் என்று பெட்டியில் அளவு வைப்பதற்காக ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னேன். மெல்லப் பாடினார். இவ்வளவுதானா என்று கேட்டேன்.

“சும்மா பாக்கறதுக்கெல்லாம் தொண்டைய தொறக்கக் கூடாதும்மா. கூப்ட்டா வந்துடுவா. நெசமா பாட சொல்ல பாரு, எப்டி ஏறும்னு.”

சிரித்துவிட்டு, அந்த மெல்லிய குரலுக்கே அளவை வைத்தேன். அவர் எனக்குச் சொன்னது தொழில் விவரம் என்று அப்போது உறைக்கவில்லை.

அழைக்கும் அடி வந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டியில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஹெட்ஃபோனில் மட்டும் குரல் சமமாக, சுத்தமாக வந்தது. அதில் எனக்குத் திருப்திகூட இருந்தது.

மூன்றாம் நாள் வந்து, கண்ணை மூடி முழுதும் கேட்டார்.

“என் கொரலுதான். ஆனா கூப்புட்ற மாதிரி இல்லியே. பக்கத்து வூட்டுக்காரிகிட்ட பேசிக்கினு கீற மாதிரி கீது. கொஞ்சம் ஏத்தி உடேன்.”

அந்த இடங்களை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். மூச்சும், தெருவில் போன பஸ்ஸின் இரைச்சலும் ஏறின. அழைப்பு ஏறவில்லை. இன்னொரு முறை பாடச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு இல்லை.

பெட்டி பழுதா என்று விசாரித்தார். பெட்டி சரிதான், அளவு வைத்தது நான் என்றேன். சிடி உறையில் அவர் பெயரை எழுதப் பேனாவை எடுத்தபோது என் கையைப் பிடித்தார்.

“பேரு வேணாம்மா. ஊர்ல எல்லாரும் நேர்ல கேட்டவங்க. இதுவா நீ கூப்ட்டதுன்னு கேப்பாங்க.”

அம்மன் பாட்டு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.