கணினி அறைக்கு வெளியே விட்ட செருப்பு

நூலகத்துக்குள் ரத்தம் சிந்தினால் என்ன செய்வது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. கரையான் அரித்தால் உண்டு. மழையில் நனைந்தால் உண்டு. வாசகர் பக்கத்தைக் கிழித்தால் அபராதத்தோடு உண்டு. பணிக்காலம் முழுவதும் அந்தப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு கோடை. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த எங்கள் கிளை நூலகத்துக்குக் கணினிகள் வந்து இறங்கின. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. சுற்றுவட்டார நூலகர்களை வரவழைத்துக் கணினிப் பயிற்சி தர வேண்டும். அந்தச் சாக்கில் அவர்கள் தங்களுக்குள் தொடர்பு வளர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணூர், மணலி, வியாசர்பாடி நூலகர்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பல வருடங்களாகச் சந்தித்து, சம்பளக் கமிஷனையும் சர்க்கரை நோயையும் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். இதற்கு மேல் என்ன தொடர்பை வளர்ப்பது என்று உத்தரவு விளக்கவில்லை.

பழைய இதழ்க் கட்டுகள் கிடந்த அறையைக் காலி செய்து, ஏசி மாட்டி, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக் கணினி அறை ஆக்கினோம். தூசி பட்டால் கணினி செத்துவிடும் என்று பயிற்றுநர் பயமுறுத்தியிருந்தார். அதனால் கதவில் ஓர் அறிவிப்பு: ‘காலணிகளை வெளியே விடவும்.’ அதை எழுதி ஒட்டியவர் என் உதவி நூலகர். ராயபுரத்துக்காரர். விரதம் காப்பதுபோல அந்த அறிவிப்பைக் காத்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரியின் ஷூவையே கழற்றவைத்து, ஓட்டைக் காலுறையோடு அவரை நிற்க வைத்தவர் அந்த அம்மாள்.

தினமும் செய்தித்தாள் படிக்க வருகிற ஒருவர் இருந்தார். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை. வேலை முடிந்து வந்து, எல்லாத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படிப்பார். கணினி வந்த நாளிலிருந்து அந்த அறை வாசலிலேயே அவருக்குக் கண்.

“இன்னாக்கா, டிவி பொட்டி வாங்கிக்கினியா?”

“கம்ப்யூட்டர்டா அது. செருப்பு! செருப்பைக் கழட்டு!”

“ஒரு தபா காட்டுக்கா. தொட மாட்டேன்.”

“ட்ரெய்னிங் முடியட்டும். காட்றேன்.”

அவர் உள்ளே வரவில்லை என்றாலும் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நீல வார் ரப்பர் செருப்பு. இது தினசரி நடந்தது.

பயிற்சி தொடங்கிய அன்று அவர் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் குடத்தை ஒருவன் எட்டி உதைத்தான். ஐஸ்காரர் அவனை அறைந்தார். உதைத்தவனுக்கு ஓர் அண்ணன் உண்டு; அண்ணனுக்கு ஆட்கள் உண்டு. நாலு பேர் பார்க்க வாங்கிய அறையை எப்படித் திருப்பித் தருவது என்பதற்கு எங்கள் பகுதியில் நடைமுறை இருந்தது. அரசு நடைமுறையைப் போல அது ஒருபோதும் தாமதமானதில்லை.

மறுநாள் முற்பகல். பயிற்றுநர் மின்னஞ்சல் அனுப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். நூலகத்துக்கு இருந்த ஒரே தொலைபேசி இணைப்பைப் பிடுங்கி மோடத்தில் செருகியிருந்தார். அது பல்லைக் கடிப்பதுபோலக் கிறீச்சிட்டது. நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு, திரையில் மெதுவாக நகரும் நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படிப்பறையில் நாற்காலிகள் விழும் சத்தம் கேட்டது. உதவி நூலகர் கதவைத் திறந்தார்.

ஐஸ்காரர் ஓடிவந்து நின்றார். தொடையில் வெட்டு. லுங்கி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

“அக்கா, வெட்றானுங்கக்கா!”

“செருப்பு!” என்றார் அம்மாள்.

வாய்ப் பழக்கம். யோசித்துச் சொன்னதில்லை. அவரும் யோசிக்கவில்லை. தொடை பிளந்த ஒரு மனிதன் குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி, சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நான் தாழ்ப்பாள் போட்டேன். அவரை மேசைக்கு அடியில் தள்ளினோம்.

மோடத்திலிருந்து தொலைபேசி வயரைப் பிடுங்கினேன்.

“சார், மெயில் போயிட்டிருக்கு சார்!” என்றார் பயிற்றுநர்.

காவல் நிலையத்தில் எடுத்தவர், சாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். மேற்குப் பக்கம் என்றால் வேறு நிலையமாம். ரத்தம் கிழக்குப் பக்கம்தான் ஓடுகிறது என்றேன்.

அதற்குள் வெளியே குரல்கள்.

“எங்கடா அவன்?”

“பின்னாடி கேட்டு வழியா ஓடிட்டாம்பா,” என்றது ஒரு கிழக் குரல். வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தினமும் கத்தரிக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டு வந்த வாசகர். அன்று அவ்வளவு அழகாகப் பொய் சொன்னார்.

காலடிகள் பின்பக்கம் திரும்பின. மேசைக்கடியில் இருந்தவர் மூச்சு விட்டார். அப்போது கதவுக்கு மறுபுறம் ஒருவன் நின்றுவிட்டான்.

“இரு மாமு. இத்தப் பாரு.”

பயிற்சிக்கு வந்தவர்கள் நல்லதாகப் போட்டுக்கொண்டு வந்த பாலிஷ் ஷூக்களும் சரிகை வைத்த செருப்புகளும் வரிசையாக இருந்தன. கடைசியில் நீல வார் செருப்பு. ஒன்றில் ரத்தம் தேங்கியிருக்க வேண்டும்.

“செருப்பு இங்க கீது. ஆளு மட்டும் எப்டிடா போவான்?”

அம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

“வெளிய வுட்டுட்டேன்கா,” என்றார் கீழிருந்தவர், தன் தப்பைப்போல.

நாலாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. மூன்று பேர். முதல் வீச்சு கணினித் திரைமேல் விழுந்தது. அது பட்டாசு போல வெடித்துக் கண்ணாடியைத் துப்பியது. மணலி நூலகரின் நெற்றி கிழிந்தது. ஒருவன் மேசையைப் புரட்டினான். இரண்டாவது வீச்சுக்கு ஐஸ்காரர் கையை உயர்த்தினார். கத்தி எலும்பில் படும் சத்தம் தேங்காய் உடைப்பதுபோல இருக்கும் என்பார்கள். அப்படி இல்லை. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல இருந்தது. இரண்டு விரல்கள் விசைப்பலகைமேல் விழுந்தன.

மூன்றாவது வீச்சுக்கு அவன் கையை ஓங்கியபோது, அம்மாள் தரையில் இருந்த ஸ்டெபிலைசரை வயரோடு பிடுங்கித் தூக்கி அவன் முகத்தில் இறக்கினார். இரும்புப் பெட்டி. இரண்டு ஆள் பிடித்து உள்ளே கொண்டுவந்தது. பற்கள் சிதறின. அவன் விழுந்த பிறகும் தூக்கி இறக்கினார். “வூடு தேடி வருவியா? வருவியா?” என்று கத்திக்கொண்டே இறக்கினார். அது நூலகம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வியாசர்பாடி நூலகர் இளமையில் குத்துச்சண்டை பழகியவர். ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி. இரண்டாமவனின் தாடையில் ஒரு குத்து விட்டார். அந்தப் பயிற்சியில் ஏற்பட்ட ஒரே உருப்படியான தொடர்பு அதுதான். மூன்றாமவன் ரத்தத்தில் வழுக்கி விழுந்தான். நான் அவன் கால்கள்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவன் கத்தி என் முன்கையைத் திறந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

போலீஸ் வந்தது. ஐஸ்காரரை ஆட்டோவில் ஏற்றினோம். விரல்களைப் பக்கத்து ஜூஸ் கடை ஐஸில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். உயிர் தங்கியது. விரல்கள் ஒட்டவில்லை.

மேலிடத்திலிருந்து கேள்விகள் வந்தன. திரை சேதமானது பயன்பாட்டின்போதா, பராமரிப்புக் குறைவாலா? பயிற்சியின் மிச்ச நாளை எப்போது நடத்துவதாக உத்தேசம்? பயன்பாட்டின்போது என்று எழுதினேன். அது உண்மைதான்.

ஐஸ்காரர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அம்மாள் அவரைப் பார்க்கப் போகவில்லை. வாசல்வரை போய்த் திரும்பியதாக வியாசர்பாடிக்காரர் பின்னால் சொன்னார். கதவில் இருந்த அறிவிப்பை மட்டும் ஒரு நாள் நகத்தால் சுரண்டி எடுத்தார். அடுத்த ஆய்வில் அதிகாரி, “உள்ளே தூசி போகாதா அம்மா?” என்றார். அவர் ஷூவோடு நின்றிருந்தார்.

மழைக்காலத்தில் ஐஸ்காரர் வந்தார். வலது கை முழுதாக மூடாது. ஐஸ் உடைக்கும் வேலை போய்விட்டது. கணினி அறை வாசலுக்கு வந்ததும் நின்று, குனிந்து, செருப்பில் கை வைத்தார்.

“கழட்டாதே,” என்றார் அம்மாள். “போட்டுக்கினே வா.”

“தூசிக்கா. சேறு வேற கீது.”

“வாடான்றேன்.”

அவர் வந்தார். ரத்தக்கறைக்காக மாற்றிய புதுத் தரை நெடுக சேற்றுத் தடம். அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, மவுஸை எடுத்து மேசையின் இடப்பக்கம் வைத்தார்.